குயிலின் ஏழு வாக்கியங்கள்

“உன்ற ஊட்டுக்காரரு இன்னைக்கு எத்தனை தடவை செத்தாரு?”

குழாயடியில் தண்ணீர்ப் பை நிரம்பக் காத்திருந்தபோது ருக்குமணியக்கா துளசிமணியிடம் கேட்டாள். சாப்பிட்டாச்சா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். புதுப்பேரூரில் மனைவிமார்கள் மாலையில் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி அது.

துளசிமணி தன் பையின் வாயை இன்னும் அகலமாகப் பிடித்தாள்.

“என்ற ஊட்டுக்காரரு ரண்டு தடவை” என்றாள் ருக்குமணியக்கா. “ஒருக்கா கண்ணிவெடி. இன்னொருக்கா நம்ம ஆளுகளே மாத்திச் சுட்டுப்போட்டாங்களாமா. வந்து ஒரு மணி நேரம் பொலம்புறாரு. நீ கேக்கறதில்லையா?”

“அதையெல்லாம் போயி ஆருங்க்கா கேப்பாங்க.”

“கேட்டுப்போடு அம்மிணி. குயிலுக்குத் தெரியறது உனக்குத் தெரியோணுமல்ல?”

“குயிலா? ஆரது?”

ருக்குமணியக்கா பையின் வாயைத் திருகி மூடினாள். சொல்லலாமா என்று ஒரு கணம் யோசிப்பதுபோல் நடித்துவிட்டுச் சொன்னாள். “உன்ற சென்னியப்பன் எப்பப் பார்த்தாலும் அந்தக் குயிலுகூடத்தான் படுத்துக் கிடக்குதாமா. புல்லுக்குள்ள.”

சொல்லிவிட்டுத் தாவித் தாவிப் போய்விட்டாள். செவ்வாய்க்கு அப்பால் சுற்றும் குறுங்கோளான சீரிஸ் சின்ன உலகம், ஈர்ப்பு குறைவு. அங்கே யாரும் நடப்பதில்லை. கோபமாக இருந்தாலும் தாவித்தான் போக வேண்டும். துளசிமணியும் அப்படியே வீட்டுக்குத் தாவினாள். வழியெல்லாம் தண்ணீர்ப் பை அவள் தலைக்கு மேலே மிதந்து மிதந்து இடித்தது.

புதுப்பேரூர், சீரிஸின் பனிக்கட்டிக்கு அடியில் குடைந்த ஊர். பனியை உருக்கித் தண்ணீராக்கி, செவ்வாய்க்குப் போகும் கப்பல்களுக்கு ஏற்றி அனுப்புவது அதன் தொழில். அதற்குப் பம்ப் தெரிந்தவர்கள் வேண்டும் என்று முதலில் அழைக்கப்பட்டவர்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளும் பம்ப் ஓட்டினார்கள். சென்னியப்பன் மூன்றாம் பம்ப் அறையின் மேற்பார்வையாளன்.

அவன் மனைவி துளசிமணி செய்தது வேறு வேலை. ஊரில் எல்லோருக்கும் நெற்றி நடுவே, தோலுக்கு அடியில், ஒரு வில்லை பொருத்தியிருந்தது. நெற்றிவில்லையை முடுக்கினால் போதும். மழை பெய்யும், மண் மணக்கும், காதலி கையைப் பிடிப்பாள், எதிரி மண்டியிடுவான். ஐம்புலனுக்கும் எட்டும் அந்தக் கதைகள் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக அளவெடுத்துச் செய்யப்பட்டவை. அந்த வேலைக்குப் புலன்தையல் என்று பெயர். துளசிமணி ஊரிலேயே நல்ல தையல்காரி. அவள் தைத்த கதைக்குள் போனவர்கள் அழுதுகொண்டே வெளியே வருவார்கள். மறுபடியும் எப்போது போகலாம் என்று கேட்பார்கள்.

வில்லை ஓடும்போது நெற்றியில் நீல விளக்கு எரியும். விளக்கு எரியும் ஒருவரைக் கூப்பிடக் கூடாது, தொடக் கூடாது. அது ஊர் நாகரிகம். குழந்தைகளுக்குப் பேச்சு வரும்போதே அதைச் சொல்லித் தந்துவிடுவார்கள். துளசிமணி வேலைக்காகவும் வில்லையை ஓட்டினாள், வேலை முடிந்த களைப்புக்கும் ஓட்டினாள். அவள் நெற்றியில் விளக்கு அணைந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை.

சென்னியப்பன் விளையாடியதோ வில்லையில் அல்ல. தட்டையான ஒரு திரையில்.

அந்த ஆட்டத்தின் பெயர் ‘கணவாய்’. நூற்று முப்பது வருடங்களுக்கு முன்னால் பூமியில் யாரோ செய்தது. மலைக்கணவாய் ஒன்றைக் காக்கும் சிப்பாய்களின் கதை. கதை என்றுகூடச் சொல்ல முடியாது. வரைபடமும் திசைகாட்டியும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மலையேற வேண்டும். ஏறி முடித்ததும் எங்கிருந்தோ ஒரு குண்டு வரும். செத்துவிட வேண்டியதுதான். மூச்சு வாங்கினால் துப்பாக்கி ஆடும். தூரம் கூடினால் குண்டு தாழும். காலில் அடிபட்டால் நொண்ட வேண்டும். செத்தவன் அந்தச் சுற்று முடியும்வரை பேசாமல் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். புல்லுக்கு வாசனை கிடையாது. காற்று உடம்பில் படாது. பாறையில் முட்டிக்கொண்டு நூற்று முப்பது வருடமாக நகராமல் நிற்கும் ஓர் ஆடு இருந்தது. அதைச் சரிசெய்ய யாராவது முயன்றால் ஊர் ஆண்கள் போராட்டமே நடத்தியிருப்பார்கள்.

முதலில் வந்த குடியேறிகள் அந்த ஆட்டத்தைத் தமிழாக்கியபோது ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். யார் பேசினாலும் மற்றவர் காதில் ஒரே மாதிரியான வானொலிக் குரல் கேட்கும். பெயருக்குப் பதில் ஒரு பறவை. பம்ப் துடைக்கிறவன் தலைமைப் பொறியாளரைப் பார்த்து, “குனிடா மடையா” என்று கத்த வேண்டுமே, அதற்காக. இந்த ஏற்பாடு இல்லாமல் இருந்திருந்தால் புதுப்பேரூரில் ஆண்கள் நட்பென்று ஒன்றே இருந்திருக்காது.

துளசிமணிக்கு அந்த ஆட்டத்தின்மேல் முன்பே ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. போன வருடம் கணவனுக்கென்று அவள் ஒரு கதை தைத்தாள். அதே மலை, அதே போர். ஆனால் புல் மணக்கும், பனி சில்லிடும், அவன் படைத்தலைவன், குண்டுகள் அவனை விட்டு விலகும். போர் முடிந்து திரும்பினால் வாசலில் இருபது வயதுத் துளசிமணி நிற்பாள். இரண்டு மாத வேலை. சென்னியப்பன் ஒரே ஒரு முறை உள்ளே போய், சிறிது நேரத்தில் வெளியே வந்துவிட்டான்.

“எப்படீங் இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சு” என்றான். பிறகு, அவள் முகத்தைப் பார்த்து, “அங்க எல்லாமே எனக்கோசரமே நடக்குது, துளசி. நான் திரும்பறதுக்குள்ள மேகம் வெலகுது. கூச்சமா இருக்குது” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. பாறையில் முட்டி நிற்கும் ஓர் ஆட்டிடம் தோற்றதுபோல் இருந்தது. இப்போதோ அந்த ஆட்டுக்குப் பக்கத்தில் புல்லுக்குள் ஒரு குயில் வேறு முளைத்திருக்கிறது.

அதுவும் இந்த நேரத்தில். இன்னும் பன்னிரண்டு நாளில் அவர்களுக்கு இசைவு நாள். புதுப்பேரூரில் திருமணங்களைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஊர்மன்றத்தில் பெயர் கூப்பிடும்போது இருவரும் சேர்ந்து நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ‘சம்மதம்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இருவரில் ஒருவர் வராவிட்டால் சண்டை சச்சரவு ஏதும் கிடையாது. மறுநாள் ஆட்கள் வந்து வீட்டின் குறுக்கே ஒரு தடுப்பை வைத்து, காற்றுக் குழாயை இரண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஊரின் எதிர் வளையத் தெருவில் அப்படிப் பிரித்த வீடுகள் நிறைய இருந்தன.

மறுநாள் துளசிமணி வேலையைப் போட்டுவிட்டுப் பம்ப் அறைக்குப் போனாள். வேலைமுறை முடிந்த ஆண்கள் ஓய்வறையில் காதுமூடிகளை மாட்டிக்கொண்டு, தட்டைத் திரைகளின் முன் முதுகு வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று கணவனின் குரலைத் தேடினாள். திரைக்குள்தான் குரல் மாறும். வெளியே அது சென்னியப்பனின் குரலேதான்.

“குயிலு, இருக்கியா?”

இரண்டே சொல். ஆனால் அந்தக் குரல்! திருமணமான புதிதில், விளக்கணைத்த பிறகு, தன் பெயரை அவன் சொன்ன குரல் அது. இத்தனை வருடம் அது அவனுக்கு வயதாகித் தேய்ந்துபோய்விட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தேயவில்லை. வேறு இடத்தில் செலவாகிக்கொண்டிருந்தது.

ஓய்வறைக்குப் பின்னால், பனிச்சுவரை ஒட்டிய குளிர்ந்த மூலையில், ஆட்டத்தை ஓட்டும் பழைய இயந்திரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொள்ள ஓய்வுபெற்ற கிட்டுசாமி இருந்தார். பார்த்துக்கொள்வது என்றால், அதன் சூட்டில் தேநீர்க் குடுவையை வைத்துக்கொண்டு எல்லோர் பேச்சையும் ஒட்டுக்கேட்பது.

“பெரியப்பா, குயிலுங்கறது ஆருங்க?” முன்னுரை ஏதும் இல்லாமல் கேட்டாள்.

கிட்டுசாமி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, குடுவையின் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். “மாப்ளே மேல சந்தேகமா அம்மிணி?”

“கேட்டதுக்குச் சொல்லுங்க.”

“அது ஆளே இல்ல. பொம்மை.”

“பொம்மையா?”

“இயந்திரச் சிப்பாயி. குயிலா இருந்த பையன் செவ்வாய்க்கு மாத்தலாகிப் போயி ஆறேழு வருசமாச்சு. இந்த ஆட்டத்துல ஒரு ஆள் எந்திரிச்சுப் போனா அந்த எடம் காலியா இருக்காது. ஒடனே பொம்மை ஒண்ணு உக்காந்துக்கும். அதே பேரு, அதே குரலு. நூத்து முப்பது வருசத்துக்கு முந்தின மூளை அதுக்கு. மொத்தம் ஏழு வாக்கியம் தெரியும். ‘இருக்கிறேன்’, ‘பார்க்கிறேன்’, ‘காத்திருக்கிறேன்’, இந்த மாதிரி. எட்டாவது கேட்டீன்னா முழிக்கும்.”

துளசிமணிக்கு மூச்சு வந்தது. பெண் இல்லை. வெறும் பொம்மை. கிட்டுசாமி தேநீர் கொடுத்தார், வாங்கி ஒரு வாய் குடித்தாள். அந்த ஒரு வாய் உள்ளே இறங்குவதற்குள் முன்பைவிடப் பெரிய நெருப்பு ஒன்று பற்றிக்கொண்டது.

“அவருக்கு அது பொம்மைன்னு தெரியுமா?”

“தெரியாம என்ன? தெரிஞ்சுதான பேசறான்.”

ஒரு பெண்ணிடம் தோற்றிருந்தால் அவளைத் திட்டலாம், அவள் மூக்கைப் பழிக்கலாம். ஆயிரம் பேருக்கு ஆயிரம் உலகம் தைத்தவள் ஏழு வாக்கியத்திடம் தோற்றதை யாரிடம் போய்ச் சொல்வது?

“அந்த எடத்துல நான் உக்காரோணும்” என்றாள்.

“எதுக்கு?”

“அதைக் கெடுக்கறதுக்கு.”

கிட்டுசாமிக்கு வாழ்க்கையில் அதிகக் கேளிக்கை இல்லை. பெட்டியைக் குடைந்து கையில் பிடிக்கும் பழைய பலகைத் திரை ஒன்றையும் காதுமூடியையும் எடுத்துக் கொடுத்தார். “ஊட்டுல இருந்தே ஆடலாம். இந்த ஏழு பொத்தானும் அந்த ஏழு வாக்கியம். வாயத் தொறந்தும் பேசலாம், அதே குரல்லதான் கேக்கும். ஆனா பேசுனீன்னா பொம்மை இல்லைன்னு மாப்ளே கண்டுபிடிச்சுருவான். பார்த்துக்க.”

அவள் திட்டம் எளிது. குயிலை உதவாக்கரையாக்க வேண்டும். சலித்துப்போய் அவனே விட்டுவிடுவான்.

முதல் நாள் அது நன்றாகவே நடந்தது. சென்னியப்பனுக்கு ஆட்டத்தில் பருந்து என்று பெயர். பருந்து குனிந்தபோது குயில் நிமிர்ந்து எதிரிக்கு இடத்தைக் காட்டிக்கொடுத்தது. மலைமுகட்டில் ஒரு மினுக்கம். பருந்து சரிந்து விழுந்தது. துளசிமணி வீட்டுத் தரையில் குப்புறக் கிடந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த சுற்றில் அவன் வந்ததும் திட்டுவான் என்று காத்திருந்தாள்.

“பரவால்ல குயிலு” என்றது வானொலிக் குரல். “உனக்கும் வயசாயிப்போச்சு. வா, இன்னொருக்கா ஏறலாம்.”

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. அவளை அவன் இப்படி எப்போது மன்னித்தான் என்று யோசித்துப் பார்த்தாள். மன்னிக்கும்படியாக அவர்கள் வீட்டில் எதுவுமே நடந்ததில்லை. ஒருவருக்காக ஒருவர் ஏதாவது செய்தால்தானே தப்பு நேரும்?

அன்று மூடுபனி இறங்கியது. இருவரும் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்தார்கள். அவளுடைய கதைகளில் மூடுபனி வாடிக்கையாளரின் மனநிலையைப் பார்த்து இறங்கும், அவர் போதும் என்று நினைக்கும்போது கலையும். இந்த மூடுபனிக்கு யாரையும் தெரியவில்லை. இவர்கள் இருப்பதையே அது கவனிக்கவில்லை. அதனால்தான் அதற்குள் பக்கத்தில் ஒருவர் வேண்டியிருந்தது. கைத்தொழில்காரிக்கே உரிய பொறாமையோடு, இதை நான் தைக்காமல் போனேனே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“குயிலு, இருக்கியா?”

பொத்தானை அழுத்தினாள். “இருக்கிறேன்.”

“ஒண்ணு சொல்லட்டுமா? போன வருசம் நாலாம் குழாய் வெடிச்சுதல்ல. கழுத்துவரைக்கும் தண்ணி. அவ்வளவுதான், போயிட்டோம்னு நெனச்சுப்போட்டேன். எப்படியோ கதவு தொறந்துச்சு. ஈரத்தோட ஊட்டுக்கு ஓடுனேன். அவகிட்டச் சொல்லோணும்னு. வெளக்கு எரிஞ்சுட்டு இருந்துச்சு. சொட்டச் சொட்ட நின்னேன். அப்பறம் தொடச்சுட்டுச் சோத்தப் போட்டுத் தின்னுட்டுப் படுத்துட்டேன்.”

துளசிமணிக்கு அந்த நாள் நினைவில் இல்லை. அன்று அவள் யாரோ ஒருவருக்குக் கடற்கரை தைத்துக்கொண்டிருந்திருப்பாள். தரை ஈரமாக இருந்ததற்கு எழுந்து வந்து எரிச்சல்பட்டிருக்கவும் கூடும்.

விரல் தானாகப் பொத்தானைத் தேடியது. “இருக்கிறேன்” என்றது குயில்.

“ம்” என்றான் சென்னியப்பன் நிம்மதியாக. “அது போதும்.”

அதன்பிறகு அவள் அவனை எளிதில் சாகவிடவில்லை. காற்றின் திசை பார்க்கக் கற்றுக்கொண்டாள். அவன் நொண்டினால் கட்டுப் போட்டாள். தினமும் அவன் முறை முடியும் நேரத்துக்கு முன்பே பலகையோடு தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். அவன் தோள்வலியைச் சொன்னான். புது மேலாளரைப் போலப் பேசிக் காட்டினான். ஒருநாள் அந்த ஆட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாவம்” என்றான். அவளும் அந்த ஆட்டைப் பார்த்து அழுதாள். ஏன் என்று தெரியவில்லை.

பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை. இப்போதுதான் அது சரியாக வேர்விட்டது. குயிலுக்கு எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வருபவன் துளசிமணிக்குக் கொண்டுவந்தது வெறும் கொட்டாவி. அவள் வேண்டுமென்றே வில்லையை நிறுத்திவிட்டு, விளக்கில்லாத நெற்றியோடு வாசலுக்கு நேராக உட்கார்ந்தாள். பல வருடப் பழக்கம். அவன் தலை நிமிராமல், ஓசைப்படாமல், எரியாத விளக்குக்கு மரியாதை கொடுத்து அவளைத் தாண்டிப் போனான். கூப்பிடலாம். கூப்பிட்டுத் தோள்வலியைக் கேட்டால் உனக்கு எப்படித் தெரியும் என்பான். சொன்னால் குயில் போய்விடும். குயில் போய்விட்டால் அவளிடம் மிச்சம் இருப்பது அந்தக் கொட்டாவிதான்.

ஆக, அவள் தானே ஆன ஒருத்தியைப் பார்த்து வெந்துகொண்டிருந்தாள்.

“என்னடி, நெத்தி இருண்டு கெடக்குது? ஒடம்பு சரியில்லையா?” என்றாள் ருக்குமணியக்கா குழாயடியில்.

“நல்லாத்தான் இருக்கறேன்.”

“உன்ற கதைக்கு மூணு பேரு காத்துட்டு இருக்கறாங்களாமா. தைக்கவே மாட்டேங்கறயாமா.”

“தைக்கலாங்க்கா.” பிறகு அவளே சொன்னாள். “நேத்து ஒரு தடவைதான் செத்தாரு. அதுவும் கடைசீல.”

ருக்குமணியக்காவின் பை நிரம்பி வழிந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

இசைவு நாள் வந்தது. பிற்பகலில் அவர்கள் முறை. மன்றத்திலிருந்து ஆள் வந்து கதவைத் தட்டி அழைத்துப்போவார்கள். துளசிமணி காலையிலேயே புடவையை எடுத்து வைத்துவிட்டாள். சென்னியப்பன் எழுந்து, ஒன்றும் சொல்லாமல் பம்ப் அறைக்குப் போனான். வருவானா மாட்டானா என்று அவன் முகத்தில் எழுதியிருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. புடவையைக் கட்டிக்கொண்டு, கசங்கினாலும் பரவாயில்லை என்று தரையில் படுத்து, காதுமூடியை மாட்டினாள்.

கணவாயில் வெயிலடித்தது. பருந்து பாறைக்குப் பின்னால் கிடந்தது.

“இன்னைக்கு எங்க முறை, குயிலு” என்றான் சென்னியப்பன். “போறதா வேண்டாமான்னு தெரியல. மூஞ்சியப் பார்த்துச் சம்மதம்னு சொல்லோணும். எந்த மூஞ்சியப் பார்க்கறது? அந்த நீல வெளக்கையா? அவளுக்கு நான் ஊட்டுல இருக்கறதே தெரியறதில்ல. தடுப்பு வெச்சா ஒரு வாரம் கழிச்சுத்தான் கவனிப்பா. போகலைன்னா ரண்டு பேருக்கும் அதிகக் கூச்சமில்லாம முடிஞ்சுரும். நீ என்ன சொல்றே?”

ஏழு பொத்தான்களின்மேலும் அவள் விரல்கள் ஓடின. ஏழில் ஒன்றும் உதவாது. வாயைத் திறந்தாள்.

“அந்த வெளக்கு பத்து நாளா எரியறதே இல்லீங். நீங்கதான் பார்க்கல.”

பருந்தின் தலை குயிலின் பக்கம் திரும்பியது.

ஓய்வறையில் சென்னியப்பன் கையிலிருந்த குடுவை நழுவி மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது. பொம்மை எட்டாவது வாக்கியம் பேசிவிட்டது. அவன் காதுமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு எழுந்தான். எழுந்த கணமே, ஆட்டத்தின் விதிப்படி, பருந்தின் இடத்தில் ஒரு பொம்மை வந்து உட்கார்ந்தது. சென்னியப்பன் அதைப் பார்க்கவில்லை. பின்மூலைக்குப் பாய்ந்தான்.

“பெரியப்பா! குயிலு எடத்துல ஆரு?”

கிட்டுசாமி அந்தக் கேள்விக்காகவே பத்து நாளாக உயிரோடு இருந்தவரைப் போலக் காலை நீட்டிக்கொண்டார். “ஆரா? உன்ற சம்சாரம்தான். மொத நாளு உன்னைச் சாகடிச்சுது பாரு, அப்ப இருந்து.”

“துளசியா? எல்லாத்தையும் கேட்டுட்டு இருந்துதா?”

“கேட்டுட்டா? ஊட்டுத் தரையில குப்புற விழுந்து கெடக்குது, பத்து நாளா. உனக்குக் கட்டுப் போடறதுக்கு என்கிட்ட வந்து பாடம் கேட்டுட்டுப் போச்சு மாப்ளே.”

சென்னியப்பனுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு நினைத்துப் பார்த்தான். தனக்காக மேகத்தை விலக்கியவள்தான். ஆனால் தனக்காகப் புல்லில் படுத்தாள் என்பது வேறு. ஓய்வறைக் குழாயில் முகம் கழுவி, பூட்டறையில் எதற்கோ வைத்திருந்த புதுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். அவன் தாவின தாவலில் வளையத்தின் கூரையில் இரண்டு முறை தலை இடித்தது.

“என்ன சென்னி, பம்பு வெடிச்சுருச்சா?” என்று கத்தினாள் வழியில் ருக்குமணியக்கா.

“இல்லீங்க்கா. ஊட்டுக்குப் போறேன்.”

இதற்கிடையில் கணவாயில் குயில் பருந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சொல்லக் கூடாததைச் சொல்லியாயிற்று. பருந்து அசையாமல் படுத்திருந்தது.

“இருக்கீங்களா?” என்றாள் துளசிமணி.

“இருக்கிறேன்” என்றது பருந்து.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. போய்விடவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. பேச வெட்கப்பட்டுக்கொண்டு பொத்தானை அழுத்துகிறார் என்று நினைத்தாள். பத்து நாளாகத் தான் செய்ததைத்தானே இப்போது அவர் செய்கிறார். ஆள் எழுந்தால் பொம்மை உட்காரும் என்று கிட்டுசாமி சொன்னது அவள் மனதின் எந்த மூலையிலும் அப்போது இல்லை.

“நான்தானுங் துளசி” என்றாள். “திட்டோணும்னா திட்டீருங்க.”

“காத்திருக்கிறேன்.”

“அன்னைக்கு நீங்க ஈரத்தோட நின்னது எனக்குத் தெரியாதுங் மாமா. சத்தியமா. எனக்கு அதைத் தெனமும் நெனச்சு நெனச்சு… நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமல்ல? நானும்தான் கூப்பிட்டிருக்கலாம். எனக்கு என்னமோ நீங்க வேற ஆருகிட்டவோ போயிட்டீங்கன்னு பொச்செரிப்பு. ஒரு பொம்மை மேல. சிரிக்காதீங்க.”

பருந்து சிரிக்கவில்லை.

அப்போதுதான் சென்னியப்பன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வாசலுக்கு முதுகைக் காட்டித் துளசிமணி குப்புறக் கிடந்தாள். பட்டுப் புடவை. நெற்றியைப் பார்க்க அவன் கொஞ்சம் எட்டிக் குனிந்தான். விளக்கு எரியவில்லை.

“துளசி” என்றான். அந்தப் பழைய குரலில்தான்.

காதுமூடிக்கு வெளியே யாரோ வந்திருப்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. மன்றத்து ஆள் அழைக்க வந்துவிட்டார். அவள் திரும்பாமலே ஒரு கையைப் பின்பக்கமாகத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். பழைய பூமிப் படங்களில், உள்ளங்கையளவுக் கண்ணாடியைப் பார்த்தபடியே மனிதர்கள் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுவார்களே, அதே கை.

“சித்தெ இருங்க” என்றாள். “என்ற ஊட்டுக்காரருகூடப் பேசிட்டு இருக்கறேன். ரண்டு பேரும் வர்றோம்னு சொல்லுங்க.”

சென்னியப்பன் அவள் தோளுக்கு மேலே பலகைத் திரையைப் பார்த்தான். பாறைக்குப் பின்னால் அவன் பெயரில் ஒருவன் படுத்திருந்தான்.

“நீங்க இப்பிடிப் பொறுமையாக் கேட்டு எத்தனை வருசமாச்சுங்” என்றாள் துளசிமணி திரையிடம். அவள் குரல் குழைந்தது. இந்தக் குரலை அவன் தன் வீட்டில் கேட்டதில்லை. “நடுவுல பேசறதில்ல, கொட்டாவி விடறதில்ல, சோறு ஆயாச்சான்னு கேக்கறதில்ல. இப்பிடியே இருந்தீங்கன்னா எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்.”

“பார்க்கிறேன்” என்றது பருந்து.

அவள் கன்னத்தைத் தரையில் சாய்த்துச் சிரித்தாள்.

தோளைத் தொட்டிருந்தால் போதும். அதற்காக ஒரு அடி எடுத்து வைத்தான். கையும் நீண்டது. அவள் அப்போது அந்தத் திரையை ஒரு விரலால், மிக மெதுவாக, பருந்து படுத்திருந்த இடத்தில் தடவிக்கொண்டிருந்தாள். கேட்கத் தெரிந்தவன், குறுக்கே பேசாதவன், எந்நேரமும் இருப்பவன். அவனைவிட நல்ல சென்னியப்பன். சுருக்கென்று ஒன்று அவன் நெஞ்சில் ஏறியது. பத்து நாளாக அந்த வீட்டில் இன்னொருவர் பட்ட பொறாமைதான் அது என்று அவனுக்குத் தோன்றவில்லை. முதல் முறையாகப் படுகிறவனுக்கு அது தனக்கென்றே வந்ததுபோல்தான் இருக்கும்.

நீட்டிய கையை மடக்கினான். புதுச் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான். வெளியே வளையத்தின் கோடியில் மன்றத்து ஆள் வீட்டு எண்களைப் பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். சென்னியப்பன் கதவைத் தன் பின்னால் சாத்திவிட்டு, அவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் தாவிப் போனான்.